தருமபுரி நகருக்குள் தினமும் ஓட்டி மகிழ எந்தக் கார்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். பாரதிபுரத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, நாலு ரோடு வழியாக அலுவலகம் சென்று, மாலையில் கடைகண்ணிக்குப் போய்த் திரும்புவதற்குள் நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தருமபுரி நகருக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள். மாதத்தில் இரண்டு முறை கிருஷ்ணகிரியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகிறீர்கள். வரி, காப்பீடு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஓட்டுவதே ஒரு மகிழ்ச்சியாக இருக்கும் கார் வேண்டும், அதற்குத் திறனைக் கூட்டும் டர்போ எஞ்சின் கட்டாயமா என்பது உங்கள் கேள்வி, உயரமான எஸ்.யு.வி. எடுத்தால் என்ன என்பது உங்கள் மனைவியின் கேள்வி.

டர்போ கட்டாயம் இல்லை. நீங்கள் சொல்லும் பயன்பாட்டுக்கு, ஆயிரம் கிலோவுக்குள் எடையுள்ள, அகலம் குறைந்த, கையால் கியர் மாற்றும் சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரோ, வீட்டில் சார்ஜ் போடும் வசதி இருந்தால் ஒரு சிறிய மின்சாரக் காரோதான் அதிக மகிழ்ச்சி தரும் என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; ஏனென்றால் காரணம் புரிந்துவிட்டால், நான் பெயர் சொல்லாத ஒரு காரைக்கூட நீங்களே எடைபோட்டுப் பார்த்துவிடலாம்.

நான் கிருஷ்ணகிரிக்காரன், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன். பாடம் நடத்தியும் கார் வாங்கும்போது ஒரு தவறு செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் டர்போ எஞ்சின் பொருத்திய, குதிரைத்திறன் மிகுந்த ஒரு கார் வாங்கினேன். ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவுக்கு என்னை நேராக பைபாஸில் ஏற்றிவிட்டார்கள். அங்கே மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கார் பாய்ந்த பாய்ச்சலில் நான் வேறு எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. வாங்கிய பிறகு, பழையபேட்டைத் தெருக்களிலும் ரவுண்டானாவைச் சுற்றியும்தான் என் வாழ்க்கையின் பெரும்பகுதி ஓடுகிறது என்பது தெரிந்தது. அந்தப் பாய்ச்சலை வாரத்துக்கு ஒரு முறைகூடப் பயன்படுத்த முடியவில்லை. கனமான கிளட்சை மட்டும் நாளுக்கு நூறு முறை மிதித்தேன். மூன்று ஆண்டுகளில் அதை விற்றுவிட்டு ஒரு சிறிய காருக்குத் திரும்பினேன், திரும்பிய நாளிலிருந்து மீண்டும் ஓட்டப் பிடித்தது.

நகருக்குள் நாம் ஓட்டும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 45 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு காரை விளம்பரப்படுத்தும்போது சொல்லப்படும் குதிரைத்திறன், எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 அல்லது 6,000 முறை சுற்றும்போது கிடைக்கும் உச்ச அளவு. நெசவாளர் காலனியிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அந்தச் சுற்றை யாரும் எட்டுவதில்லை. அங்கே நமக்கு வேண்டியது 1,000 முதல் 2,500 சுற்றுக்குள் எஞ்சின் எப்படி இழுக்கிறது என்பதே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஊரில் விற்கும் 1.2 லிட்டர் சிறிய கார்களில் இரண்டாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் போகும்போது எஞ்சின் ஏறக்குறைய 2,000 சுற்றில் இருக்கும். அதே கியரில் வேகத்தடைக்காக 15 கி.மீ.க்கு இறங்கினால் சுற்று 1,000 ஆகிவிடும். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. புகை குறைவாக இருக்கும் கீழ்ச் சுற்றுகளில் அதனால் முழு அளவில் காற்றைத் தள்ள முடியாது. மாருதி ஃப்ரான்க்ஸில் வரும் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் தன் முழு முறுக்குவிசையான (சக்கரத்தைச் சுழற்றும் விசை) 147.6 நியூட்டன் மீட்டரை 2,000 சுற்றில்தான் எட்டுகிறது. ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 172 நியூட்டன் மீட்டர், 1,500 சுற்றிலிருந்து கிடைப்பதாகக் கணக்கு. வேகத்தடையைத் தாண்டி 1,000 சுற்றிலிருந்து மறுபடி கிளம்பும் அந்தக் கணத்தில், டர்போ விழிப்பதற்கு முன், உங்கள் காலுக்குக் கீழே இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின் மட்டுமே. அதனால் கார் முதலில் தயங்கும், பிறகு தேவைக்கு மேல் பாயும், உடனே அடுத்த பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினிலோ கால் அழுத்திய அளவுக்கு, அழுத்திய நேரத்தில் இழுவை கிடைக்கும். நகருக்குள் ஓட்டும் இன்பத்தில் பாதி இந்த உடனடித்தன்மையில் இருக்கிறது.

மறு பாதி எடையிலும் உருவத்திலும் இருக்கிறது. 900 கிலோ கார் ஒன்றையும் 1,250 கிலோ கார் ஒன்றையும் ஒரே நாளில் நாலு ரோடு சந்திப்பில் ஓட்டிப் பாருங்கள். நின்று கிளம்புவது, திடீரென்று குறுக்கே வரும் இருசக்கர வாகனத்துக்காக ஒதுங்குவது, பேருந்துக்குப் பின்னால் கிடைக்கும் சிறிய இடைவெளியில் நுழைவது ஆகிய எல்லாவற்றிலும் எடை குறைந்த கார் உங்கள் எண்ணத்துக்கு முன்னால் நகர்வதுபோல் தோன்றும். பெரிய எஞ்சின் வைத்து எடையை மறைத்துவிடலாம் என்பது நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். வளைக்கும்போதும் நிறுத்தும்போதும் எடை எடைதான்.

அகலத்தையும் பாருங்கள். டாடா நெக்ஸான் 1,804 மில்லிமீட்டர் அகலம், மாருதி ஸ்விஃப்ட் 1,735, மாருதி இக்னிஸ் 1,690. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். இரண்டு பக்கமும் வண்டிகள் நிறுத்தியிருக்கும் குமாரசாமிப்பேட்டைத் தெருவில் எதிரே ஆட்டோ வரும்போது, நீங்கள் நிற்க வேண்டுமா, நகர்ந்துகொண்டே போகலாமா என்பதை அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் முடிவு செய்யும். ஒரே மூச்சில் யு-டர்ன் எடுக்க முடிகிறதா என்பதும் அப்படியே. ஸ்விஃப்டின் திரும்பு ஆரம் 4.8 மீட்டர், இக்னிஸுக்கு 4.7, எம்.ஜி. காமெட் என்ற சிறிய மின்சாரக் காருக்கு 4.2. இந்த எண்ணை யாரும் கேட்டு வாங்குவதில்லை. தினமும் அனுபவிப்பது இதைத்தான்.

கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம். கிளட்ச் மிதி இல்லாத கார்களில் உங்கள் விலைக்குள் அதிகம் கிடைப்பது ஏ.எம்.டி. வகை. அது சாதாரண கியர்பாக்ஸையே ஒரு சிறு கருவி நமக்காக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இழுவை ஒரு கணம் அறுந்து, தலை லேசாக முன்னால் போய் வரும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நான் அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், மைலேஜும் குறையாது. ஆனால் ஓட்டும் மகிழ்ச்சியை முதன்மையாகக் கேட்பவருக்கு அது ஏற்றதில்லை. டார்க் கன்வர்ட்டர், இரட்டை கிளட்ச் என்ற வேறு இரண்டு தானியங்கி வகைகளும் இதைவிட நயமாக இயங்கும், ஆனால் அவை பொருத்திய கார்கள் பெரும்பாலும் பத்து லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போய்விடுகின்றன. ஆகவே, குறுகிய அசைவில் சொடுக்கென்று விழும் ஐந்து கியர் மேனுவலும், இரண்டு விரல் அழுத்தத்தில் இறங்குவதுபோன்ற மென்மையான கிளட்சும் இருந்தால் போதும். இந்த இரண்டும் ஒரு காரில் நன்றாக அமைந்துவிட்டால், இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் இடையே மாற்றி மாற்றி ஓட்டுவதே ஒரு தாளம்போல் ஆகிவிடும்.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன்.

உங்களுக்கு நான் முதலில் சொல்லும் கார் ஸ்விஃப்ட். 2005-இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து அந்தக் காரின் குணம் பெரிதாக மாறவில்லை: எடை குறைவு, மூலைகளில் துள்ளல், கையில் இலகுவான ஸ்டீயரிங். 2024 மே மாதம் வந்த நான்காம் தலைமுறையில் எஞ்சின் மூன்று சிலிண்டராக மாறி, திறன் 90-இலிருந்து 82 குதிரைத்திறனாகக் குறைந்தது. இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் பலர், நானும் சுளித்தேன். ஓட்டிப் பார்த்தபோது கருத்தை மாற்றிக்கொண்டேன். உச்சச் சுற்றில் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினின் இனிமை இதில் இல்லை, நின்றிருக்கும்போது லேசான அதிர்வும் தெரிகிறது. ஆனால் நகரில் வேண்டிய கீழ்ச் சுற்றுகளில் இது நன்றாக இழுக்கிறது. லிட்டருக்கு 24.8 கி.மீ. என்று நிறுவனம் அறிவித்திருக்கும் மைலேஜ் தருமபுரி நகருக்குள் கிடைக்காது என்றாலும், இந்த எஞ்சின் சிக்கனமானது என்பதில் ஐயமில்லை. ஆறு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் வருகின்றன. முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022-இல் குளோபல் என்காப் மோதல் சோதனையில் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றிருந்ததை நினைத்தால், பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு இது முக்கியம்.

ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ் வேறு விதமான இன்பம். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார், 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், 83 குதிரைத்திறன். ஸ்விஃப்ட் அளவுக்குத் துள்ளாது. ஆனால் கிளட்சும் கியரும் அதன் விலையில் வேறெந்தக் காரிலும் இவ்வளவு மென்மையாக இல்லை என்று நினைக்கிறேன். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. சித்திரை வெயிலில் ஏ.சி. முழுவதும் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போவதுதான் உங்கள் பெரும்பாலான பயணம் என்றால், இதுதான் உங்களைக் களைப்பில்லாமல் வீடு சேர்க்கும்.

யாரும் அதிகம் பேசாத ஒரு காரையும் இங்கே சேர்க்கிறேன், அது இக்னிஸ். உங்கள் மனைவியின் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. அவர் எஸ்.யு.வி. கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றாக இருக்கும்: ஏறி இறங்க வசதியான உயரம், சாலை நன்றாகத் தெரிவது, வேகத்தடையில் அடி இடிக்காமல் போவது. மூன்றும் நியாயமான தேவைகள். அவற்றுக்காக 1,200 கிலோ வண்டியை வாங்க வேண்டியதில்லை. இக்னிஸ் நிமிர்ந்த உடல் கொண்டது, அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம். ஸ்விஃப்டுக்கு அது 163தான். 83 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் எஞ்சின், எடை 900 கிலோவுக்கும் குறைவு, நீளம் 3.7 மீட்டர். நிமிர்ந்த கார் என்பதால் வளைவில் சற்றுச் சாயும். நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடித்தால் கையில் தெரியும். தெருவுக்குள் அதைப்போல் வளைந்து நெளிந்து ஓடும் பெட்ரோல் கார் இந்த விலையில் அரிது. இருவரும் சேர்ந்து போய் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

டாடா டியாகோ உறுதியான கார், 2020-இல் குளோபல் என்காப் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அதன் பெட்ரோல் எஞ்சின் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. அதே காரின் மின்சார வடிவம் கதையையே மாற்றிவிடுகிறது.

மின்சார மோட்டாருக்குச் சுற்று ஏறும்வரை காத்திருக்கும் தேவையே இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையும் கிடைக்கும். நான் மேலே டர்போவைப் பற்றிச் சொன்ன குறைக்கு நேர் எதிர் நிலை இது. வேகத்தடை தாண்டியதும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். காலை எடுத்தால் மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஒரு வாரம் பழகினால் பிரேக்கை அரிதாகவே தொட்டு நகர் முழுவதும் சுற்றி வரும் கை, கால் நயம் வந்துவிடும். அது ஒரு புதிய கலையைக் கற்றுக்கொள்வதுபோன்ற இன்பம். கணக்கும் உங்களுக்கு ஒத்துவருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏழு கி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், டியாகோவின் சிறிய 19.2 யூனிட் பேட்டரி உங்கள் தினசரி ஓட்டத்துக்கு ஐந்து நாள் தாங்கும். ஆனால் கிருஷ்ணகிரிக்குப் போய் வந்தால் நூறு கிலோமீட்டருக்கு அருகில் ஆகிவிடும். நெடுஞ்சாலையில் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும் என்பதால், எடுப்பதென்றால் 24 யூனிட் பேட்டரியையே எடுங்கள். வீட்டு வாசலில் கார் நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் இணைப்பும் சரியான எர்த்தும் இருந்தால் ஓர் இரவில் சார்ஜ் ஆகிவிடும். வாடகை வீடு, மாடியில் குடியிருப்பு, தெருவில் கார் நிறுத்தம் என்றால் இந்த யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுவது நல்லது. காமெட் இன்னும் சிறியது, சந்துகளில் அதற்கு இணை கிடையாது. ஆனால் நான்கு பேர் அமர்ந்தால் சாமான் வைக்க இடமில்லை, மாமனார் வீட்டுப் பயணத்துக்கு அது உதவாது.

டர்போ கார்களை நான் வெறுப்பவன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவராகவோ, வாரந்தோறும் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு இடையே சேலம் போகிறவராகவோ இருந்திருந்தால், ஹூண்டாய் ஐ20 என் லைனையே முதலில் சொல்லியிருப்பேன். 120 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், இறுக்கமான சஸ்பென்ஷன். வத்தல்மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஓட்டுவது ஓட்டுநருக்குத் திருவிழா. ஆனால் ஆன் ரோடு விலை உங்கள் தொகையைத் தாண்டும், அந்த இறுக்கமான சஸ்பென்ஷன் பாரதிபுரத்து வேகத்தடைகளில் பின்சீட்டுப் பிள்ளைகளைத் தூக்கிப் போடும்.

விலையைப் பற்றி இரண்டு செய்திகள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மேலே சொன்ன பெட்ரோல் கார்கள் எல்லாமே அதற்குள் வருகின்றன. தமிழ்நாட்டில் சாலை வரி, காரின் விலை ஐந்து முதல் பத்து லட்சத்துக்குள் இருந்தால் 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். ஆகவே விலை பத்து லட்சத்தின் விளிம்பில் இருக்கும் வகையை, ஒரு சன்ரூஃபுக்காகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போது டயரைக் கவனியுங்கள். ஸ்விஃப்டின் கீழ் வகைகளில் 14 அங்குலச் சக்கரம், 165 மி.மீ. அகல டயர்; மேல் வகைகளில் 15 அங்குலம், 185 மி.மீ. அகலம். அகலமான டயர் வளைவில் நன்றாகப் பிடிக்கும், ஸ்டீயரிங்குக்கு உறுதி தரும். பக்கச்சுவர் உயரமான சிறிய சக்கரம் பள்ளத்தை மென்மையாக விழுங்கும். உங்கள் சாலைகளுக்கு நான் சிறிய சக்கரத்தையே எடுப்பேன். எந்த டயராக இருந்தாலும் காற்றழுத்தத்தை நிறுவனம் சொன்ன அளவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சரிபாருங்கள். நல்ல காரைக் கெட்ட காராக மாற்ற ஐந்து பவுண்டு காற்று போதும்.

பழைய கார் வாங்கத் தயங்காதவர் என்றால், 2021-க்கும் 2024 தொடக்கத்துக்கும் இடைப்பட்ட ஸ்விஃப்டைத் தேடுங்கள்; 90 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் எஞ்சினின் இனிமை அதில் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகன் போலோவின் ஸ்டீயரிங்கை நினைத்து இன்றும் ஏங்குபவர்கள் உண்டு, அந்த ஏக்கம் நியாயமானதே. ஆனால் 2022-இலேயே அதன் விற்பனை இங்கே நின்றுவிட்டது. தினமும் ஓட வேண்டிய ஒரே காராக அதை வைத்துக்கொள்ளும் முன், உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறார்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, டெஸ்ட் டிரைவை நான் செய்ததுபோல் செய்யாதீர்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிய சாலையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். பைபாஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து அலுவலகம் என்று உங்கள் சொந்த வழியிலேயே ஓட்டுங்கள். ஏ.சி.யை முழுவதும் போட்டு, நால்வரும் ஏறிக்கொள்ளுங்கள், ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது சிறிய எஞ்சினின் இழுவை எவ்வளவு குறைகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வேகத்தடையை இரண்டாம் கியரிலேயே தாண்டி, கியரை மாற்றாமல் மறுபடி வேகமெடுங்கள். தயங்குகிறதா, திணறுகிறதா, இயல்பாக இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு யு-டர்ன் எடுங்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ரிவர்ஸில் நிறுத்துங்கள். வலது திருப்பத்தில் முன்கண்ணாடியின் ஓரத் தூண் நடந்து வருபவரை மறைக்கிறதா என்று பாருங்கள். இடது காலுக்கு ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்விஃப்டையும் நியோஸையும் இக்னிஸையும் ஒரே நாளில், ஒரே வழியில் அடுத்தடுத்து ஓட்டினால்தான் வேறுபாடு கைக்குத் தெரியும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் மறந்துவிடும். மூன்றையும் உங்கள் மனைவியும் ஓட்டட்டும். இருவரில் ஒருவராவது எந்தக் காரின் சாவியை இறங்க மனமில்லாமல் திருப்பிக் கொடுக்கிறாரோ, அந்தக் காருக்கு முன்பணம் கட்டுங்கள்.